காத்தாடி சுத்துதா?

அத்தியாயம் ஏழு

"என் தம்பி தூக்கத்துல பேசுறான் சார்," என்றாள் அக்கா. "ஒரே வார்த்தைதான். 'சுத்துதா? சுத்துதா?'ன்னு கேட்டுட்டே இருக்கான். பக்கத்துத் தெரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். தலை சுத்தலுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தாரு."

"பரவாயில்லையே, கனவுக்கே வைத்தியம் பார்க்கிற டாக்டர்," என்றேன் நான்.

மூக்கு சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு 'வால்யூமைக் குறை' என்று அர்த்தம். என்னை எல்லோரும் ரேடியோ என்று கூப்பிடுவார்கள். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை, இன்னும் ஒரு பக்கம் படித்தால் நீங்களே அணைக்கப் பொத்தான் தேடுவீர்கள். துப்பறியும் தொழில் செய்கிற என் முதலாளிக்கு மூக்கு சார் என்று பெயர் வந்ததற்கு இரண்டு காரணம். ஒன்று, இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்த காலத்தில் பொய்யை மோப்பம் பிடித்தே பலரை அழவைத்தவர். இரண்டு, ஒரு சிட்டிகை தூசி பட்டாலும் அடுக்கடுக்காகத் தும்முவார்.

"மாத்திரை போட்டதும் நின்னுச்சாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"நிக்காது. தலை சுத்துறவன் 'சுத்துது'ன்னுதான் சொல்வான். உங்க தம்பி 'சுத்துதா'ன்னு கேக்கறாரு. தன் தலை சுத்துதான்னு எவனும் அடுத்தவன்கிட்ட கேக்கமாட்டான். இது கேள்வி. கேள்வின்னா பதில் சொல்ல ஒரு ஆள் இருந்திருக்கணும்."

அக்கா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். 'மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க' என்று நாள் முழுக்க அடுத்தவர்களுக்குச் சொல்கிறவள், ஒரு மாதமாகத் தானே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

முந்தைய ஆறு அத்தியாயங்களையும் பஸ்ஸில் தொலைத்துவிட்டு வந்தவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வெளியே ஒரு மரக்கடை. அதன் தலைக்கு மேலே பெரிய மின்பாதை. போன மாதம் ஒரு மத்தியானம் அந்தக் கம்பி தொய்ந்து இறங்கி, அடுக்கி வைத்திருந்த மரத்தில் பொறி தெறித்து, கடை பற்றி எரிந்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த காவலாளி செத்துப்போனார். மின்சாரம் அதிகம் போனால் கம்பி சூடாகும், சூடானால் தொய்யும். அன்றைக்கு அதிகம் அனுப்பியது யார்? கன்ட்ரோல் ரூமில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்த அக்காவின் தம்பி.

அவன் கொழுப்பெடுத்து அனுப்பவில்லை. சூடான டீயை ஊதினால் ஆறுகிறதல்லவா? கம்பியும் அப்படித்தான். காற்று அடித்தால் ஆறும், ஆறினால் கூடுதல் மின்சாரம் தாங்கும். முன்பெல்லாம் காற்று அடித்தாலும் அடிக்காவிட்டாலும் இவ்வளவுதான் என்று ஒரே அளவு வைத்திருந்தார்கள். இப்போது காற்றை அளக்க ஒரு கருவி வந்துவிட்டது. புது டவர் வேண்டாம், புதுக் கம்பி வேண்டாம், காற்று அடிக்கிற நேரத்தில் பழைய கம்பியிலேயே அதிகம் அனுப்பலாம். மின்சார ஆணையம் அதற்கென்று விதி போட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், என் வீட்டில் ஃபேன் ஒழுங்காக ஓட ஆரம்பித்திருந்தது.

அன்று தம்பியின் திரை 'பலத்த காற்று' என்றது. அவன் ஏற்றினான். ஆனால் அன்று காற்றே இல்லை. மரக்கடைப் புகை நட்டு வைத்த கம்பம் போல நேராக மேலே போனதை ஊரில் பாதிப் பேர் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். பையன் தூங்கிவிட்டான், கவனக்குறைவு என்பது போலீஸ் கட்சி. விபத்தா, இயக்கியவர் தவறா என்று ஆணையம் இன்று மத்தியானம் சொல்லப்போகிறது. தவறு என்று சொன்னால், வாசலிலேயே கைது.

"நான் கண்ணை மூடிட்டு அனுப்பலக்கா, கேட்டுட்டுத்தான் அனுப்பினேன்" என்பதைத் தவிரத் தம்பி வாயைத் திறக்கவில்லை. யாரிடம் கேட்டான் என்று கேட்டால் சுவரைப் பார்ப்பான்.

"எது சுத்தினா காத்து அடிக்குதுன்னு அர்த்தம், ரேடியோ?" என்றார் மூக்கு சார்.

"காத்தாடி."

"காத்து அளக்கிற கருவி மேலயும் கிண்ணம் கிண்ணமா ஒண்ணு சுத்தும். அது எங்கே நிக்குது?"

"சப்ஸ்டேஷன் யார்டுல."

"அதைக் கண்ணால பார்த்துப் பதில் சொல்லக்கூடிய ஆள்?"

நான் ஸ்கூட்டர் சாவியை எடுத்துவிட்டேன். அக்கா எழுந்து நின்று, "என் தம்பி பார்த்துச் செய்யறவன் சார்," என்றாள். "கேஸை அணைச்சுட்டோமான்னு ரெண்டு தடவை பார்ப்பான், கதவைப் பூட்டினா இழுத்துப் பார்ப்பான். அவன் அஜாக்கிரதையா இருந்தான்னு சொல்றதைத்தான் என்னால தாங்க முடியல. அவன் கேட்டான்னு நிரூபிச்சுக் கொடுங்க, போதும்."

"நிரூபிச்சிடலாம்மா," என்றார் மூக்கு சார். வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுகிற மனிதர். இதையும் காப்பாற்றினார்.

*

யார்டு என்பது ஜல்லி கொட்டிய பெரிய மைதானம். எங்கு பார்த்தாலும் கம்பியும் கம்பமும், காதுக்குள் வண்டு புகுந்தது போல ஓயாத ரீங்காரம். ஆணையம் கொடுத்த அனுமதிக் கடிதத்தை வாசலில் காட்டிவிட்டு உள்ளே போனோம். தலைக்குப் பிளாஸ்டிக் தொப்பி கொடுத்தார்கள். என் தொப்பி பெரிசு, அது பாட்டுக்கு ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன்.

ஜல்லிக்கு நடுவே முளைத்த களையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார் யார்டுக்காரர். ஐம்பது வயது இருக்கும், மெலிந்த தேகம்.

மூக்கு சார் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "அண்ணே, ஒரே ஒரு கேள்வி. சுத்துதா?"

களை கீழே விழுந்தது. மனிதர் பக்கத்தில் கிடந்த கேபிள் உருளை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அந்தத் தம்பி சொல்லிட்டாரா?"

"சொல்லல. தூக்கத்துல கேக்கறாரு, அவ்வளவுதான்."

அவர் அழ ஆரம்பித்தார். வயதில் பெரியவர் அழுதால் எனக்குக் கை கால் எங்கே வைப்பதென்று தெரியாது. தொப்பியைக் கழற்றி மாட்டினேன்.

"பத்து நாளா போலீஸ் வந்து போகுது," என்றார். "அந்தத் தம்பி எனக்குப் போன் பண்ணி, 'அண்ணே, உங்க பேரை நான் எடுக்கமாட்டேன், உங்களுக்குப் பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது, பேசாம இருங்க'ன்னாரு. நானும் இருந்துட்டேன். மனுஷனா நான்? நான் சுத்துதுன்னு சொன்னதாலதானே அவரு ஏத்தினாரு? அதனாலதானே அந்தக் காவக்காரர் போனாரு?"

"நீங்க சொன்னதுக்குச் சாட்சி இருக்கா?"

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "என் போன்ல யார் பேசினாலும் தானா பதிவாகும் சார். என் சம்சாரத்துக்காக வெச்சது. காய்கறி வாங்கிட்டு வரச் சொல்லவே இல்லைன்னு நான் சொல்வேன், சொன்னேன்னு அவ சொல்வா. இப்போ போட்டுக் கேட்டுப்போம்."

"யார் ஜெயிக்கிறது?" என்று கேட்டேன்.

"அவதான்."

பதிவைப் போட்டார். மரக்கடை எரிந்த அதே நாள், அதற்குச் சற்று முன்னால்.

'அண்ணே, நான்தான். காத்தாடி சுத்துதா?'

'இருங்க தம்பி, பார்த்துச் சொல்றேன்.' ஜல்லி நொறுங்கும் காலடிச் சத்தம். 'சுத்துது தம்பி. நல்லாவே சுத்துது.'

'நிஜமாவா?'

'அட, கண்ணு முன்னாடி சுத்துதுங்கறேன்.'

'சரிண்ணே. இங்க ஜன்னல்ல பார்த்தா ஒரு மரமும் ஆடல, அதான் கேட்டேன்.'

பதிவு முடிந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இதைவிட ஜாக்கிரதையான பையன் எங்கே கிடைப்பான்? திரையையும் நம்பாமல், ஆளை விட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறான்.

அப்போதுதான் என் மூளை ஒரு குதி குதித்தது. எதிரே ஒரு வீடு உயரத்துக்கு டிரான்ஸ்ஃபார்மர் நின்றது. அதன் பக்கவாட்டில் வரிசையாகப் பெரிய பெரிய ஃபேன்கள்.

"அண்ணே, அந்த ஃபேனை இங்க என்னன்னு சொல்வீங்க?"

"காத்தாடி."

"காத்து அளக்கிற அந்தக் கம்பத்து மேல இருக்கிறது?"

"அதுவும் காத்தாடிதான்."

"சார்!" என்று கத்தினேன். "கேஸ் முடிஞ்சுது! அவரு கேட்டது அந்தக் காத்தாடி, இவரு பார்த்தது இந்தக் காத்தாடி. ஒரே பேரு, ரெண்டு சாமான்! இதுக்குத்தான் வீட்டுல ரெண்டு பிள்ளைக்கு ஒரே பேரு வைக்கிறதில்ல."

மூக்கு சார் முகத்தில் லேசாக ஒரு பெருமை தெரிந்தது. வருஷத்துக்கு ஒருமுறை தெரியும், நான் அதை வைத்தே காலம் தள்ளுகிறேன்.

யார்டுக்காரர் தலையை ஆட்டினார். "இல்ல தம்பி. அது எனக்குத் தெரியாதா? நான் அந்தக் கம்பத்துக்குக் கீழயே போய் அண்ணாந்து பார்த்தேன். கிண்ணம் மூணும் கண்ணுக்குத் தெரியாத வேகத்துல சுத்துச்சு. சத்தியமா சுத்துச்சு."

என் பெருமை அத்தோடு சரி.

அப்படியானால்? புகை நேராகப் போன நாளில், மரம் ஆடாத நாளில், காற்றளக்கும் காத்தாடி மட்டும் எப்படிச் சுற்றும்? மூன்று பேரும் அந்தக் கம்பத்துக்குக் கீழே போய் நின்றோம். இன்றைக்கும் அதே மாதிரி புழுக்கம். கிண்ணங்கள் மூன்றும் அசையாமல் நின்றன. சட்டை முதுகில் ஒட்டியது. மூக்கு சார் முகம் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தார். அது அவர் கையில் துவண்டு தொங்கியது.

டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். ஃபேன்கள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன.

கைக்குட்டை எழும்பிப் படபடத்தது. ஜல்லிக்குள்ளிருந்து தூசி கிளம்பியது. மூக்கு சார் தும்மினார், மறுபடி தும்மினார், தும்மிக்கொண்டே விரலை மேலே நீட்டினார். கிண்ணங்கள் மெதுவாகத் திரும்பின. அப்புறம் வேகம் பிடித்தன. கொஞ்ச நேரத்தில் கிண்ணமே தெரியவில்லை.

"ரேடியோ," என்றார் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "மதிலுக்கு அந்தப் பக்கம் மரம் ஆடுதா?"

"இலைகூட அசையல சார்."

"அண்ணே, இந்த ஃபேன் எப்போ ஓடும்?"

"லோடு ஏறினா டிரான்ஸ்ஃபார்மர் சூடாகும் சார். சூடானா தானா ஓடும். ஆறினா தானா நிக்கும்."

மூக்கு சார் தரையில் காலால் ஒரு வட்டம் போட்டார். "லோடை ஏத்தினா இது சூடாகுது. சூடானா ஃபேன் ஓடுது. ஃபேன் காத்துல அந்தக் கிண்ணம் சுத்துது. காத்து அடிக்குது, இன்னும் ஏத்தலாம்னு திரை சொல்லுது. ஏத்தினா இன்னும் சூடாகுது. அங்க வெளியில, மரக்கடைக்கு மேல கம்பி காத்தில்லாம வெந்துட்டிருக்கு."

"அதாவது சார், தேர்வு எழுதினவனே தனக்கு மார்க் போட்டுக்கிட்டான்."

"இதை இங்க கொண்டுவந்து நட்டது யாருண்ணே?"

"விதி சார்," என்றார் யார்டுக்காரர்.

"எந்த விதி? தலைவிதியா?" என்றேன்.

"ஆணைய விதி தம்பி. முதல்ல டவர் மேலதான் வெச்சாங்க. எவனோ திருடிட்டுப் போயிட்டான். அப்புறம், வேலிக்குள்ள, ஆள் கண்ணுல படுற இடத்துலதான் வைக்கணும்னு விதி வந்துச்சு. வேலிக்குள்ள காலியா இருந்தது இந்த ஒரு இடம்தான்."

கொலைகாரனைப் பிடித்துவிட்டோம். ஒரு ஃபேன். அதைக் கம்பி எண்ண வைக்க முடியாது என்பது மட்டும்தான் குறை என்று நான் சொன்னேன். யார்டுக்காரர்கூடச் சிரித்தார். சிரித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"நானும் வரேன் சார். வேலை போனா போகட்டும். அந்தத் தம்பி என்னைக் காப்பாத்தினாரு. நான் போனோட வந்து சொல்றேன்."

*

ஆணையத்தின் விசாரணை அறை நீளமானது. நடுவில் நீள மேஜை, மேஜை மேல் வேலை செய்யாத மைக்குகள், தலைக்கு மேலே கிறீச்சிடும் ஃபேன். தலைவர் முன்னாள் இன்ஜினியர், களைத்த கண்கள். அவருக்கு எதிரே மின்பாதைக் கம்பெனியின் வக்கீலம்மா. குரலை உயர்த்தாமலே குத்துவார் என்பதால் இரண்டாம் அத்தியாயத்திலேயே அவருக்கு ஊசி என்று பெயர் வைத்திருந்தேன். கடைசி வரிசையில் செத்துப்போன காவலாளியின் மனைவி. வாசலில் ஒரு கான்ஸ்டபிள், கையில் டீ.

தம்பி இஸ்திரி போட்ட சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். யார்டுக்காரரைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டும். "ஏண்ணே வந்தீங்க?" என்று பாதி எழுந்துவிட்டான். அக்கா அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். ஆஸ்பத்திரி வெள்ளைக் கோட்டைக் கழற்றாமலே ஓடி வந்திருந்தாள்.

மூக்கு சார் பேசினார். பதிவைப் போட்டுக் காட்டினார். ஃபேன், கிண்ணம், வட்டம் எல்லாவற்றையும் சொன்னார். தலைவர் தன் முன்னாலிருந்த காகிதத்தில் அந்த வட்டத்தை வரைந்தார். வரைந்து முடித்ததும் பேனா அப்படியே நின்றது. "அட கடவுளே," என்றார், மைக் வேலை செய்யாததால் முன்வரிசைக்கு மட்டும் கேட்டது.

அறையில் சலசலப்பு. அக்கா மூச்சை விட்டாள். அவள் மூச்சு விட்டதை நான் பார்த்தேன், அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

ஊசி எழுந்தார். "அந்தப் பதிவை இன்னொரு தடவை போடலாமா? கடைசி வரி மட்டும் போதும்."

யார்டுக்காரர் போட்டார். 'இங்க ஜன்னல்ல பார்த்தா ஒரு மரமும் ஆடல, அதான் கேட்டேன்.'

"இது உங்க குரல்தானே தம்பி?" என்றார் ஊசி. குரலில் விஷமே இல்லை.

"ஆமா மேடம்."

"எதுக்குக் கேட்டீங்க?"

"திரையில காத்துன்னு வருது. வெளியில மரம் ஆடல. அதனால கொஞ்சம் சந்தேகமா இருந்துச்சு. அதான் அண்ணனைப் பார்க்கச் சொன்னேன்."

"சந்தேகமா இருந்துச்சு," என்று ஊசி திரும்பச் சொன்னார். சுருக்கெழுத்துக்காரர் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தார். அப்புறம் விதிப்புத்தகத்தைப் பிரித்தார். "தலைவர் அவர்களே, ஒன்பதாம் விதி. 'இயக்குபவருக்குக் காற்றின் அளவு பற்றிச் சந்தேகம் எழும் கணமே, மின்பாதையைப் பழைய அளவுக்கு இறக்க வேண்டும்.' இவருக்குச் சந்தேகம் வந்தது. இவர் இறக்கவில்லை. போன் பண்ணினார்."

மூக்கு சார் குதித்து எழுந்தார். "சந்தேகம் தீர்ந்த பிறகுதானே இன்னும் ஏத்தினாரு? கருவி தப்பா காட்டியிருக்கு, அதுக்கு அவரு என்ன பண்ணுவாரு?"

"கருவி தப்பா காட்டலையே," என்றார் ஊசி. "நீங்களே இப்போ நிரூபிச்சீங்க. அங்க காத்து இருந்துச்சு, கருவி அதைச் சரியா அளந்துச்சு. இரண்டாம் விதி: 'காற்று என்பது அங்கீகரிக்கப்பட்ட கருவி காட்டும் அளவு.' எங்கேயிருந்து வந்த காத்துன்னு விதி கேக்கல. கருவி நல்லா இருக்கு, வெச்ச இடமும் ஆணையம் சொன்ன இடம்தான்."

ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு ஜோக், ஒரு வசவு, எதுவுமே வரவில்லை.

தலைவர் தன் வட்டத்தின் மேலேயே பேனாவை இன்னொரு சுற்று ஓட்டினார்.

"நானும் ஷிஃப்ட் பார்த்தவன்தான் தம்பி," என்றார் கடைசியில். "உங்க இடத்துல இருந்திருந்தா நானும் போன்தான் பண்ணியிருப்பேன். ஒன்பதாம் விதியை எழுதினதே நான்தான். உங்களை மாதிரி ஆளுங்க பயப்படாம லோடை இறக்கணும், அதுக்காக யாரும் உங்களைக் கேள்வி கேக்கக்கூடாதுன்னுதான் எழுதினேன். ஆனா எழுதினது எழுதினதுதான். இப்போ அது என் கையையே கட்டிப் போட்டிருக்கு."

"சார்," என்றார் மூக்கு சார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "இந்தப் பதிவு மட்டும் வராம இருந்திருந்தா?"

"திரை சொன்னதை நம்பி ஏத்தினாருன்னு ஆகியிருக்கும். அவரு ஜன்னலைப் பார்க்கணும்னு விதி சொல்லல, யாரையும் கேக்கணும்னும் சொல்லல. தூங்கினாருன்னு போலீஸ் சொன்னதுக்கு ஆதாரம் கிடையாது. விபத்துன்னு காலையிலேயே தீர்ப்பு தட்டச்சு பண்ணி வெச்சிருந்தேன்." மேஜையின் ஓரத்தில் கிடந்த தாளை எடுத்து, இரண்டாக மடித்து, பையில் வைத்துக்கொண்டார்.

"அந்தக் கம்பத்தையாவது இன்னிக்கே நகர்த்தச் சொல்லுங்க."

"நகர்த்தணும்னா விதியைத் திருத்தணும். வரைவு போடணும், எல்லார்கிட்டயும் கருத்து கேக்கணும், மறுபடி கூடணும். அதுவரைக்கும் பழைய அளவுலயே ஓட்டுங்கன்னு கம்பெனியைக் கேட்டுக்கலாம்." அவர் ஊசியைப் பார்த்தார்.

"கேட்டுக்கலாம்," என்றார் ஊசி. "ஆனா கருவி சரியா இருக்குன்னு இப்பத்தான் பதிவாகியிருக்கு. கம்பெனி என்ன காரணம் சொல்லி இறக்கும்? ஊர்ல கரண்டு போனா யார் பதில் சொல்றது?"

கடைசி வரிசையிலிருந்து காவலாளியின் மனைவி எழுந்து வெளியே போனாள். யார் தப்பு என்று தெரிந்துகொள்ள வந்தவள், தெரியாமலே போனாள்.

தம்பி இவ்வளவு நேரமும் பேசியவர் முகங்களையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு புரியாத பிள்ளை கரும்பலகையைப் பார்ப்பது போல.

"அப்போ," என்று கேட்டான், "நான் கேட்டிருக்கக்கூடாதா சார்?"

தலைக்கு மேல் ஃபேன் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. கான்ஸ்டபிள் டீ தம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். அவரும் நல்ல மனிதர்தான், தம்பியின் கையைப் பிடிக்காமல் தோளில் கை போட்டு அழைத்துப் போனார்.

*

வெளியே படிக்கட்டில் அக்கா உட்கார்ந்திருந்தாள். ஜீப் போய்விட்டது. மூக்கு சார் அவளுக்கு எதிரே நின்றார், நான் அவருக்குப் பின்னால் நின்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க கண்டுபிடிக்காம இருந்திருந்தா சார்?"

"இந்நேரம் வீட்டுக்கு வந்திருப்பாரும்மா," என்றார் மூக்கு சார். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

அவள் தலையை ஆட்டினாள். "நான்தானே நிரூபிங்கன்னு கேட்டேன்," என்றாள். கோட்டுப் பையில் கைவிட்டுத் தம்பியின் தலைசுற்றல் மாத்திரை அட்டையை எடுத்தாள். "உள்ள தூங்கும்போது கேப்பான். சுத்துதான்னு கேப்பான். அங்க இருக்கிறவங்களுக்கு அது என்னன்னு தெரியாது. யாராவது சொல்லுங்க சார், அவங்ககிட்ட." விம்மி விம்மி அழுதாள். மூக்கு சார் படிக்கட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததைத் தவிர அவரால் எதுவும் செய்ய முடியவில்லை.

யார்டுக்காரருக்கு மாலை வேலை இருந்தது. நான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். கரிந்த மரக்கடையைத் தாண்டும்போது அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். மேலே கம்பி எப்போதும் போலத்தான் தெரிந்தது, கொஞ்சம் தாழ்வாக இருக்கிறதோ என்று எனக்கு மட்டும் தோன்றியது. சாலையோர மரங்களில் ஒரு இலையும் அசையவில்லை.

யார்டு வாசலில் இறங்கினார். மதிலுக்கு மேலே அந்தக் கம்பத்தின் தலை தெரிந்தது. கிண்ணம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஃபேன்களின் இரைச்சல்.

"அண்ணே," என்றேன், "கன்ட்ரோல் ரூம்ல இப்போ யாரு?"

"புதுசா ஒருத்தர் வந்திருக்காரு."

"அவரு போன் பண்ணிக் கேக்கறதுண்டா?"

அவர் போனை எடுத்து ஒருமுறை பார்த்தார். பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"அவரு விவரமானவரு தம்பி. இதுவரைக்கும் ஒரு தடவைகூட கேக்கல."